போனைச் சுற்றினால் பாட்டு சுற்றும்

பூனாவில் போபோடி சிக்னலில் ஆட்டோ இடப்பக்கம் திரும்பியபோது, என் காதுக்குள் பாடிக்கொண்டிருந்த பாடகி திடீரென்று ஆண்குரலுக்கு இறங்கி, முனகி, நின்றே போனாள். ஆட்டோ நேரானதும் மறுபடி பெண்ணானாள். அடுத்து டிரைவர் ஒரு பஸ்ஸை முந்துவதற்காக வலப்பக்கம் ஒடித்தார். பாடகி கீச்சென்று எகிறி, ஒரு வரியை அரை நொடியில் பாடி முடித்தாள்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"மேடம், எல்லாம் சரிதானே?" என்று இந்தியில் கேட்டார்.

"அண்ணா, முன்னாடி ஒரு ரவுண்டானா வரும் இல்ல? அதை ரெண்டு தடவை சுத்துங்க."

பூனாவில் ஆட்டோ ஓட்டுகிறவர் பயணியிடம் விளக்கம் கேட்க மாட்டார், சில்லறைதான் கேட்பார். இரண்டு சுற்று சுற்றினார். என் பாடகி இரண்டு சுற்றும் அணில் மாதிரி ஓடினாள்.

இது வேண்டாத வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். என் உத்தியோகமே இதுதான். நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். அந்த வருடம் எங்கள் டீமுக்கு வந்தது, ஆள் எத்தனை அடி நடந்தார் என்று எண்ணும் ஆப். காலை பத்து மணிக்கு ஆபீஸ் போனால் மாலை வரை போனைக் குலுக்க வேண்டும், சாய்க்க வேண்டும், சுற்ற வேண்டும், ஆப் ஏமாறுகிறதா என்று பார்க்க வேண்டும். வேலூர்ப் பக்கத்து உறவினர் யாராவது போனில் விசாரித்தால், அப்பா கூசாமல் பதில் சொல்வார்: "அவளா? கம்பெனியில போனை ஆட்டுறா."

போனுக்குள் அரிசி மணியைவிடச் சின்னதாக ஒரு சில்லு இருக்கிறது. போன் எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். கார் ரேஸ் விளையாடும் பிள்ளைகள் போனை ஸ்டியரிங் மாதிரி வளைக்கிறார்களே, அங்கே வேலை செய்வது அந்தச் சில்லுதான். யாரோ ஒரு புண்ணியவான் அதை வைத்து ஒரு டீஜே ஆப் செய்திருந்தான். போனை அசைக்காமல் வைத்தால் பாட்டு தன் பாட்டுக்கு ஓடும். வலப்பக்கம் சுற்றினால் விரையும், இடப்பக்கம் சுற்றினால் பின்னால் வரும். வெடுக் வெடுக்கென்று இரண்டு பக்கமும் ஆட்டினால், டீஜேக்கள் இசைத்தட்டைத் தேய்த்து எழுப்புகிறார்களே, அந்தச் 'சிக்கி சிக்கி' சத்தம் வரும். ஸ்க்ராட்ச் என்பார்கள். ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரி இதைக் காட்டி, "உனக்கென்றே பண்ணியிருக்கிறார்கள்" என்றாள். அவள் கிண்டலாகச் சொன்னாள், நான் நெஞ்சில் வாங்கிக்கொண்டேன். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது.

எங்கள் வீடு தாபோடியில். நான், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், அப்பா. கணவருக்கு நாக்பூரில் வேலை, மாதம் ஒருமுறை வந்து துணி துவைத்துக்கொண்டு போவார். சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் பாட்டில்கள் வைக்க ஒரு சுழல்தட்டு இருந்தது. அன்று மாலை பாட்டில்களைக் காலி செய்துவிட்டுப் போனை அதன் நடுவில் வைத்தேன். போன் காற்றிலேயே லேப்டாப்புக்குச் சேதி அனுப்பும். பாட்டு லேப்டாப்பிலிருந்து ஒயர் வழியாக ஸ்பீக்கருக்குப் போகும். தட்டைத் திருப்பினேன். எண்பதுகளின் சினிமாப் பாட்டு ஒன்று விக்கல் எடுத்தது. ஆனந்தமாக இருந்தது.

மகள் அறையிலிருந்து வந்து நின்றாள். அவள் தமிழ் எப்போதும் பிரேக் போட்டுப் போட்டுத்தான் வரும்.

"அம்மா, நீ இது... வெளியே எங்கயும் பண்ணமாட்ட, இல்ல?"

"எதுக்குப் பண்ணப் போறேன்?"

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

அப்பா பேப்பரை மடித்துவிட்டு வந்து தட்டை ஒரு விரலால் சுண்டிப் பார்த்தார். பாதுகாப்புத் துறை ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தெட்டு வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் சுழலும் பொருட்கள் எல்லாவற்றின் மீதும் அவருக்கு அபிப்பிராயம் உண்டு.

"இன்னா தட்டு இது? ஊறுகாய்க்குக்கூட லாயக்கில்ல. நான் ஒண்ணு செஞ்சு தரேன்."

அடுத்த நான்கு நாள் பால்கனியில் உட்கார்ந்து செய்தார். பழைய ஸ்கூட்டர் சக்கரத்தின் பேரிங், அதன் மேல் வட்டமாக அறுத்த பிளைவுட், அதன் மேல் போன் வழுக்காமலிருக்க ஒரு ரப்பர் மேட். ஒரு தள்ளு தள்ளினால் முக்கால் நிமிடம் சுற்றியது. நிற்கும் தறுவாயில் மட்டும் ஒரு தலையாட்டல் தெரிந்தது.

"அப்பா, ஆடுது."

"ஆடாது."

"பாருங்க, ஆடுது."

"பீரங்கிக்கே பேரிங் மாட்டுனவன்டி நானு. ஆடுதுன்னா உங்க மேஜை ஆடுது."

மேஜை ஆடவில்லை. ஆனால் இவ்வளவு வயதுக்கப்புறம் அவரோடு வாதாடுவதற்கு எனக்குச் சம்பளம் கிடையாது. விட்டுவிட்டேன்.

முதல் வாரம் ஒரு பேய்த்தொல்லை இருந்தது. தட்டைத் தொடாமலிருக்கும்போதே பாட்டு தானாகப் பின்னால் ஊர்ந்தது. அப்பா வீட்டு வாஸ்துவைச் சந்தேகித்தார். நான் டெஸ்டர், பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தேன். ஆப் சுழற்சியை மட்டும் பார்க்கவில்லை, போனில் இருக்கும் திசைகாட்டியையும் கேட்டுக்கொண்டிருந்தது. ஸ்பீக்கருக்குள் பெரிய காந்தம். அதன் பக்கத்தில் வைத்ததும் திசைகாட்டிக்கு வடக்கு எது தெற்கு எது என்றே தெரியவில்லை. ஆப்பின் செட்டிங்ஸில் போய்த் திசைகாட்டியை அணைத்தேன். பேய் போய்விட்டது. இந்த வெற்றியை ஆபீஸில் சொன்னேன், யாரும் கைதட்டவில்லை.

ஒரு மாதம் தினமும் சமையல் முடித்து அரை மணி பழகினேன். பெரிதாக ஒன்றும் வரவில்லை. மிக்ஸியில் தேங்காய் ஓடு விழுந்த மாதிரி ஒரு சத்தம், அதன்பின் மன்னிப்புக் கேட்பதுபோல இரண்டு வரிப் பாட்டு. அதோடு வீட்டுக்குள்ளேயே முடிந்திருக்கும், நான் மட்டும் சொசைட்டி மீட்டிங்கில் வாயை மூடிக்கொண்டிருந்தால்.

எங்கள் குடியிருப்பின் சேர்மன் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். எல்லோரும் மராத்தி வழக்கப்படி காகா, அதாவது சித்தப்பா, என்றுதான் கூப்பிடுவோம். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். முந்தைய வருடக் கணபதி விழாவுக்கு இளைஞர்கள் வாடகைக்குக் கொண்டுவந்த டீஜேயின் ஸ்பீக்கர் சுவர், மூன்றாவது மாடிக் குளியலறையில் நான்கு டைல்ஸைக் கீழே இறக்கியது. உள்ளே ஆள் இருந்தார், வெளியே ஓடிவந்த கோலத்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அதனால் இந்த வருடம் டீஜே கூடாது என்றார் காகா. டீஜே இல்லாமல் விழாவா என்றார்கள் இளைஞர்கள். பஜனை என்றார்கள் பெரியவர்கள். ஒரு மணி நேரம் இதே மூன்று வாக்கியங்கள் சுற்றிச் சுற்றி வந்தன. எனக்குக் குக்கர் வைக்க நேரமாகிவிட்டது.

"என்கிட்ட ஒரு சின்ன டீஜே இருக்கு" என்றேன்.

கூட்டம் திரும்பியது. காகா கேட்டார், "எவ்வளவு சின்னது?"

போனைத் தூக்கிக் காட்டினேன்.

"இது டைல்ஸை இறக்குமா?"

"இது ஊறுகாய் பாட்டிலைக்கூட இறக்காது காகா."

ஏகமனதாக நிறைவேறியது. என் திறமை மேல் யாருக்கும் நம்பிக்கை இருந்ததாகச் சொல்ல முடியாது. யாருக்கும் பயம் வரவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சொன்னதும் மகள் என்னைப் பார்த்த பார்வையில் தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் நான்கும் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. பார்க்கிங்கில் பந்தல். நான் அரை மணி நேரம், அதன்பின் பெண்கள் டோல் குழு. பூனாவில் விநாயகர் வருவதும் போவதும் டோல் அடியில்தான். எங்கள் குடியிருப்பிலேயே பன்னிரண்டு பெண்கள் இடுப்பில் டோல் என்ற அந்தப் பெரிய மேளத்தைக் கட்டிக்கொண்டு அடிப்பார்கள். தலைவி ஒன்பதாம் நம்பர் வீட்டுக்காரர். வார நாட்களில் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து மெல்லிய குரலில் டோக்கன் நம்பர் கூப்பிடுவார். டோலைக் கட்டினால் வேறு ஆள். அக்கா என்பதற்கு மராத்தியில் தாயி. நான் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன்.

மேடையில் எனக்குக் கொடுத்தது சமையல்காரர்களின் மடக்கு மேஜை. கால்கள் குச்சி மாதிரி. தட்டை வைத்தேன், போனை வைத்தேன், லேப்டாப்பைத் திறந்தேன். முன்வரிசையில் அப்பா, இஸ்திரி போட்ட சட்டையில், தன் பேரிங்கைப் பார்க்க வந்திருந்தார். மகள் கடைசி வரிசையில், துப்பட்டாவால் பாதி முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதல் பத்து நிமிடம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு மராத்திப் பாட்டைப் போட்டு இடையிடையே ஆட்டினேன். ஒரு மாமா செல்போனில் ஏதோ படித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். ஒரு பாட்டியம்மா பக்கத்து ஆளிடம், "ஸ்பீக்கர் ரிப்பேரா?" என்று கேட்டது மேடை வரை கேட்டது.

அப்போது ஒரு பையன் காகாவின் ஸ்கூட்டர் மேல் ஏறினான். காகா விசிலை வாயில் வைத்து ஊதினார்.

மேடைக்குப் பின்னால் தயாராக நின்றிருந்த டோல் குழுவுக்கு விசில்தான் ஆரம்ப சமிக்ஞை. பன்னிரண்டு டோலும் ஒரே நேரத்தில் இறங்கின.

என் மேஜை குதித்தது. அப்பாவின் பேரிங், ஆடவே ஆடாத அந்தப் பேரிங், ஒவ்வொரு அடிக்கும் இடம் வலமாகத் தலையாட்டியது. அதன் மேல் போன். போனுக்குள் அரிசி மணிச் சில்லு. அதற்குத் தெரிந்ததெல்லாம், யாரோ என்னை வெடுக் வெடுக்கென்று திருப்புகிறார்கள் என்பதுதான். ஸ்பீக்கரில் பாட்டு 'சிக்கி சிக்கி, சிக்கி சிக்கி' என்று கீற ஆரம்பித்தது. டோல் எந்தத் தாளமோ அதே தாளம், ஒரு மயிரிழை பிசகில்லை.

என் இரண்டு கையும் அப்போது காற்றில் இருந்தன. நான் தட்டைத் தொடவே இல்லை.

செல்போன் மாமா நிமிர்ந்தார். பிள்ளைகள் நின்றார்கள். யாரோ விசிலடித்தார்கள், இந்தத் தடவை காகா இல்லை. இளைஞர் கூட்டம் மேடை முன்னால் வந்து ஆடத் தொடங்கிவிட்டது. நிறுத்தலாமா? நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்பார்கள். அப்பா முன்வரிசையிலிருந்து தமிழில் கத்தினார்: "மேஜையைப் புடி! மேஜையைப் புடிடி!"

கை இரண்டும் மேலே இருந்ததால் இடுப்பால் மேஜையை முட்டினேன். சட்டென்று கீறல் அடங்கி, பாட்டு தெளிவாக ஒரு வரி பாடியது. விலகினேன், மறுபடி சிக்கி சிக்கி. முட்டினேன், பாட்டு. விலகினேன், கீறல். நாலைந்து தடவைக்குள் பிடிபட்டுவிட்டது. பல்லவி வரும்போது முட்டினால் எல்லோரும் சேர்ந்து பாடினார்கள், முடிந்ததும் விலகினால் ஆடினார்கள். பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதே என்று விரல்களைத் தட்டுக்கு மேலே படாமல் வீணை வாசிப்பதுபோல ஆட்டினேன். ஒரு கட்டத்தில் கண்ணைக்கூட மூடிக்கொண்டேன். இவ்வளவு வெட்கங்கெட்டவளாக என்னால் இருக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

இருபது நிமிடம் போனது. கடைசி அடியோடு பாட்டையும் நிறுத்தினேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. காகா மேடையேறி என் கையைக் குலுக்கி, "விரலா இது, மிஷினா?" என்றார். மாலைக்குள் சொசைட்டி குரூப்பில் வீடியோ வந்துவிட்டது. அதில் என் முகத்தைவிட இடுப்புதான் அதிகம் தெரிந்தது. "மேடம் என்ன அழகாக ஆடிக்கொண்டே வாசிக்கிறார்" என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அப்பா அன்று சாப்பிடும்போது சொன்னார், "பேரிங்கு ஆடுச்சுன்னு சொல்லாதே. கொஞ்சம் லூசா விட்டுத்தான் மாட்டுனேன். வேணும்னே."

இரண்டு நாள் பாராட்டை அப்படியே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். மூன்றாவது நாள் லிஃப்டில் தாயியோடு தனியாக மாட்டிக்கொண்டபோது பொறுக்கவில்லை. உண்மையைக் கக்கிவிட்டேன்.

தாயி லிஃப்ட் பட்டனைப் பார்த்தபடியே, "தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"ஆரம்பிச்சதும் நீ அந்தத் தட்டை எப்படிப் பார்த்தே தெரியுமா? பால் பொங்குறதைப் பார்க்கிற மாதிரி. வாசிக்கிறவ அப்படிப் பார்க்கமாட்டா." கதவு திறந்ததும் இறங்கிக்கொண்டே சொன்னார், "ஞாயிறு காலை எட்டு மணி, ஆத்தோரம் பிராக்டீஸ். தட்டை எடுத்துட்டு வா. மேஜையையும் நாங்களே கொண்டுவரோம்."

போனேன். அந்தக் குச்சிக்கால் மேஜையை நடுவில் வைத்து, சுற்றி நின்று அடித்தார்கள். எத்தனை டோல் அடித்தால் தட்டு எவ்வளவு ஆடும், எந்தப் பக்கம் நின்றால் அதிகம் ஆடும் என்று எல்லாம் பார்த்தோம். அது நான் ஆபீஸில் செய்யும் வேலைதான், ஆனால் இங்கே நடுவில் போஹா என்று அவல் உப்புமா கொடுத்தார்கள். இரண்டு மூன்று ஞாயிறுக்குள் ஒரு எட்டு நிமிட உருப்படி தயாராகிவிட்டது. டோல் அடிக்கும், தட்டு ஆடும், நான் இடுப்பால் மேஜையை முட்டுவேன். யாராவது கேட்டால் ஃபியூஷன் என்போம்.

ஆயுதபூஜை சமயத்தில் தளேகாவிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே தொழிற்பேட்டையில் ஸ்க்ரூ தயாரிக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலை. குழுவில் ஒரு பெண்ணின் கணவர் அங்கே மேற்பார்வையாளர். மிஷின்களுக்குப் பூஜை முடிந்ததும் நாங்கள் வாசிக்க வேண்டும். காலை லோக்கல் ரயிலில் பெண்கள் பெட்டி முழுக்க டோலை அடுக்கிக்கொண்டு போனோம். பள்ளி விடுமுறை என்பதால் மகளும் வந்தாள். எனக்காக அல்ல, ஜிலேபியும் ஃபாஃப்டா என்ற கடலைமாவு வறுவலும் உண்டு என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

மேஜையை நாங்கள் கொண்டுபோகவில்லை. அங்கேயே கொடுக்கிறோம் என்றிருந்தார்கள். கொடுத்தார்கள். செய்த பொருளை வைத்து அளவு பார்க்கும் வார்ப்பிரும்பு மேஜை, சாமந்தி மாலையெல்லாம் போட்டு அழகாகக் கொடுத்தார்கள். நான்கு பேர் சேர்ந்தாலும் நகராது. கான்கிரீட் தரையில் பிறந்ததிலிருந்து நிற்பதுபோல நின்றது.

"தாயி, வேற மேஜை கேட்கலாமா?"

தாயி அதற்குள் டோலைக் கட்டியிருந்தார். கட்டியபிறகு அவர் எதையும் கேட்பதில்லை.

பன்னிரண்டு டோலும் இறங்கின. மேலே தகரக் கூரை அதிர்ந்தது, என் பற்கள் அதிர்ந்தன. தட்டு அசையவில்லை. பாட்டு, சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை மாதிரி நேராகப் பாடிக்கொண்டே போனது. இடுப்பால் முட்டினேன். இடுப்புதான் வலித்தது. அறுபது எழுபது தொழிலாளர்கள் கைகட்டி நின்று என்னைப் பார்த்தார்கள். நாள் முழுக்க மிஷினோடு இருப்பவர்கள். எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். இவர்கள் முன்னால் விரலைக் காற்றில் ஆட்டி நடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தட்டின் மேல் கையை வைத்தேன். நிஜமாகவே வைத்தேன்.

முதல் சுற்றில் இரண்டு அடி பிந்தினேன். தாஷா என்ற தட்டுப்பறையை வாசிக்கும் சின்னப் பெண் திரும்பிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். இரண்டாம் சுற்றில் பதற்றத்தில் முந்திவிட்டேன். பாட்டு பின்னால் ஓடி, பாடகர் தும்மியது போலிருந்தது. முன்னால் நின்ற ஒருவர் சிரித்தார். உள்ளங்கை வியர்த்து ரப்பர் மேட்டில் ஒட்டியது. தாயி என்னைப் பார்க்கவில்லை, ஆனால் அடியை ஒரு துளி நிதானப்படுத்தினார். வேண்டுமென்றே செய்தாரா என்று பிறகு கேட்டபோது இல்லை என்றுதான் சொன்னார். மூன்றாம் சுற்றில் கை சரியான இடத்தில் விழுந்தது. இடம், வலம், இடம். சிக்கி சிக்கி என்றது. மறுபடி விழுந்தது. நாலைந்து தடவை தொடர்ந்து விழுந்ததும் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அந்தச் சந்தோஷத்திலேயே அடுத்ததைத் தவறவிட்டேன்.

எட்டு நிமிடத்தில் சரியாக வந்தது இரண்டு நிமிடம் இருக்கும். ஆடியவர் யாருமில்லை. முடிந்ததும் மரியாதையாகக் கைதட்டினார்கள். கிரீஸ் கையோடு ஒரு வயதான ஆபரேட்டர் வந்து தட்டைச் சுண்டிப் பார்த்து, "பேரிங்கில் ஆட்டம் இருக்கு, மேடம்" என்றார். இதை அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

திரும்பும்போது லோக்கலில் உட்கார இடம் கிடைத்தது. தாயி டோல் மேல் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். மற்றவர்கள் யார் எத்தனை ஜிலேபி தின்றார்கள் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே கேட்டாள்.

"அம்மா, இன்னிக்கு... தட்டு பண்ணுச்சா, நீ பண்ணியா?"

"நான்தான்."

"அதான் லேட்டு லேட்டா வந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும். எதிரே உட்கார்ந்திருந்த அந்தத் தாஷாக்காரப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எதற்கென்று புரிந்ததுபோல அவளும் சேர்ந்து சிரித்தாள். தாபோடி ஸ்டேஷனில் இறங்கியபோது லேப்டாப் பையை நான் எடுத்துக்கொண்டேன். தட்டை, கேட்காமலேயே, மகள் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.